பதினொன்றுக்குப் பூச்சியம்

ஆர்த்திகா இடமாற்றம் வாங்கிக்கொண்டு கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வந்துவிட்டாள் என்ற செய்தி ஆசிரியர் அறையில் வைத்துத்தான் கஜானிக்குக் கிடைத்தது. சொன்னவள் முப்லிஹா. காத்தான்குடியிலிருந்து ஆரையம்பதிக்கு வந்து கஜானியின் பாடசாலையிலேயே விஞ்ஞானம் படிப்பிப்பவள். அரச ஊழியர் விளையாட்டு விழாவின் பெயர்ப் பட்டியலில், பெண்கள் மேசைப்பந்துக்குக் கீழே அந்தப் பெயரைக் கண்டிருந்தாள். கஜானி திருத்திக்கொண்டிருந்த கணிதக் கொப்பியை மூடினாள். போட்டி எந்தத் திகதி என்று மட்டும் கேட்டாள். மூன்று மாதம் இருந்தது.

எட்டு வருடத்துக்கு முன் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் கஜானியும் ஆர்த்திகாவும் இரட்டையர் சோடி. இரண்டு வருடம் அவர்களை யாரும் வெல்லவில்லை. வெற்றிக்குக் காரணம் கஜானியின் சேர்வ். பந்தை எறிந்ததும் இடது கையைச் சற்றுத் தாமதித்து எடுப்பாள். மட்டை பந்தைத் தொடும் இடம் எதிராளிக்குத் தெரியாமல் போய்விடும். அது விதிக்குப் புறம்பானது என்று கஜானிக்கு முதலில் தெரியாது. தெரிந்த பிறகும் விடவில்லை. ஆர்த்திகாவுக்கும் தெரியும். நல்லா இருக்கு, மாத்தாத என்று சொன்னவளே அவள்தான்.

மாகாண அணிக்கு ஒருத்தியைத் தெரிவு செய்யும் நாளில் கடைசி ஆட்டம் இருவருக்கும் இடையில் விழுந்தது. முதல் செட் கஜானிக்கு. இரண்டாவதிலும் கஜானி முன்னுக்கு நிற்கும்போது ஆர்த்திகா கையைத் தூக்கினாள். நடுவரிடம் போய், இவள் பந்தைக் கையால் மறைக்கிறாள், கவனியுங்கள் என்றாள். நடுவர் கவனித்தார். அடுத்தடுத்து நான்கு சேர்வைப் பிழை என்று அறிவித்தார். அதன்பின் கஜானியின் சேர்வ் ஒன்றும் சரியாக விழவில்லை. ஆட்டம் போய்விட்டது. அன்று பின்னேரம் வளாகக் கன்டீனுக்குள் நுழைந்தபோது, முதுகைக் காட்டிக்கொண்டிருந்த ஆர்த்திகா தன் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"அந்தக் கள்ளச் சேர்வ் இல்லாட்டி அவளிட்ட ஆட்டமே இல்லகா."

மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். கஜானி தேநீர் வாங்காமலே திரும்பினாள். பிறகு மூன்று வருடம் மட்டையைத் தொடவில்லை. தொட்டபோதும் எவரும் குறை சொல்ல முடியாத சாதாரண சேர்வைத்தான் போட்டாள்.

இப்போது அவளுக்கு வேறொன்று வேண்டியிருந்தது. கைத்தொலைபேசியில் காணொளிகளை வேகம் குறைத்துப் பார்த்து ஒன்றைத் தெரிந்தெடுத்தாள். வழக்கமான சேர்வில் மட்டை வெளியிலிருந்து உடம்பை நோக்கி வரும். இதில் உடம்பருகிலிருந்து வெளியே போகும். பந்து எதிராளியின் வலது கைப் பக்கம் வளைந்து, வலைக்குக் கிட்டவே குட்டையாக விழும். ஆர்த்திகாவுக்கு அந்த மூலை எப்போதும் பலவீனம். அதை உலகத்திலேயே நன்றாக அறிந்தவள் அவளுடைய பழைய சோடிதான்.

பாடசாலை விட்டதும் ஊர்ப் பொதுமண்டபத்துக்குப் போவாள். அங்கே ஒரேயொரு மேசை. மழையில் நனைந்து ஒரு மூலை உப்பியிருந்தது. கைலேஞ்சியை நான்காக மடித்து வலைக்கு அருகில் வைத்து அதில் பந்தை விழுத்தப் பார்த்தாள். முதல் வாரம் அறுபதுக்கு நான்கு விழுந்தது. இரண்டாம் வாரம் மணிக்கட்டு வீங்கிவிட்டது. கரும்பலகையில் எழுத முடியாமல், பிள்ளைகளைக் கூப்பிட்டு எழுதவிட்டுப் பாடம் நடத்தினாள். வீக்கம் வற்றியதும் திரும்பவும் தொடங்கினாள். ஐந்தாம் வாரம் அறுபதுக்கு நாற்பது. அதன்பின் அதே கை வீச்சில் சுழற்சியே இல்லாமல் போடப் பழகினாள். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சுழற்சி இருக்கிறதென்று நம்பி மட்டையைச் சரித்தால் பந்து மேலெழுந்து அடி வாங்குவதற்கென்றே நிற்கும்.

முப்லிஹா எதிரே நின்று எடுத்துக் கொடுத்தாள். இடையிடையே, போட்டியில் நடுவர் இருக்கும் பக்கத்தில் நின்று படம்பிடிக்கும்படி கஜானி கேட்பாள். பந்து விரித்த உள்ளங்கையிலிருந்து எழும்புகிறதா, போதிய உயரம் போகிறதா, இடது கை நேரத்துக்கு விலகுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள்.

"புள்ள, நீ ஆட்டத்துக்குப் பழகுறியா, பழி வாங்கப் பழகுறியா?" என்று ஒருநாள் முப்லிஹா கேட்டாள்.

"ரெண்டுக்கும்தான்" என்றாள் கஜானி. "அவள் கையத் தூக்குவாள். தூக்கோணும்."

நகரத்து உள்ளரங்கில் போட்டி நடந்தது. அரையிறுதியில் இருவரும் சந்தித்தார்கள். ஆர்த்திகா கொஞ்சம் பருத்திருந்தாள், சிரிப்பு மாறவில்லை. பழைய கூட்டாளியைக் கண்டவள்போல் தோளில் தட்டி, பிள்ளைகள் எத்தனை, எங்கே படிப்பிக்கிறாய் என்றெல்லாம் விசாரித்தாள். கஜானி கேட்டதற்குப் பதில் சொன்னாள். தான் ஒன்றும் கேட்கவில்லை.

முதல் செட்டில் புதிய சேர்வை அவள் வெளியே எடுக்கவில்லை. பதினொன்றுக்கு ஏழு என்று தோற்றாள். ஆர்த்திகா துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டாவது செட்டில் ஏழுக்கு ஏழு என்று நின்றபோது கஜானி பந்தை உயர எறிந்தாள். பந்து வலையைத் தாண்டி வளைந்து குட்டையாக விழுந்தது. ஆர்த்திகாவின் மட்டை அதைத் தொடக்கூட இல்லை. அடுத்தது சுழற்சி இல்லாதது. ஆர்த்திகா கவனமாக மட்டையைச் சரித்தாள். பந்து மார்பளவுக்கு எழும்பியது. கஜானி ஓங்கி அடித்தாள். அந்த செட் அவளுக்கு.

மூன்றாவதில் நான்குக்கு ஒன்று என்று ஆனபோது, கஜானி மூன்று மாதம் காத்திருந்தது நடந்தது. ஆர்த்திகா கையைத் தூக்கினாள். நடுவரிடம் போய்க் குனிந்து ஏதோ சொன்னாள். என்ன சொல்கிறாள் என்று கேட்கவேண்டிய தேவை கஜானிக்கு இருக்கவில்லை. நடுவர் கதிரையை முன்னுக்கு இழுத்து உட்கார்ந்தார். கஜானி அவர் பக்கம் திரும்பி, விரித்த உள்ளங்கையில் பந்தை வைத்துக் கொஞ்ச நேரம் காட்டினாள். பிறகு எறிந்தாள். இடது கை எப்போதோ விலகிவிட்டது. அந்தப் புள்ளியும் அவளுக்கு. அடுத்த முறையும் நடுவர் பார்த்தார். பிழை ஒன்றுமில்லை, விளையாடுங்கள் என்று சத்தமாகவே சொன்னார். அரங்கில் யாரோ சிரித்தார்கள். ஆர்த்திகாவின் கழுத்து சிவந்தது. அந்த செட்டும் கஜானிக்கு; இன்னும் ஒன்று வென்றால் ஆட்டமே அவளுக்கு.

நான்காவது செட்டில் ஆர்த்திகாவிடம் ஒன்றுமே மிஞ்சவில்லை. தன்னுடைய சேர்வையே இரண்டு தரம் வலைக்குள் போட்டாள். ஐந்து, எட்டு, பத்து. பத்துக்குப் பூச்சியம் என்று வந்தால் ஒரு புள்ளியை வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பது மேசைப்பந்துக்காரரிடையே எழுதாத மரியாதை. பந்து கஜானியின் கையில் இருந்தது. ஆர்த்திகா நிமிர்ந்து பார்த்தாள். பந்து வெளியே போகும் என்ற எதிர்பார்ப்பு அவள் முகத்தில் தெரிந்தது. கஜானி அந்த முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பிறகு மூன்று மாதத்தில் போட்ட எல்லாவற்றிலும் மிக நல்ல சேர்வைப் போட்டாள்.

மேசைக்குக் குறுக்கே கை கொடுத்தபோது ஆர்த்திகா அவள் விரல்களை விடவில்லை.

"ஒரு புள்ளி தந்திருக்கலாம் கஜானி."

"கையத் தூக்கிக் கேட்டிருக்கலாம்."

ஆர்த்திகா மேசைக்கு மேலால் குனிந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அண்டைக்கு நான் தூக்காட்டி நீதான் மாகாணத்துக்குப் போயிருப்பாய். எனக்கு அது நல்லாத் தெரியும். இன்னொருக்கா அந்த நாள் வந்தாலும் தூக்கத்தான் செய்வன்."

அவள் மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்வது, மறந்துவிட்டேன் என்றால் என்ன சொல்வது என்று எட்டு வருடமாகக் கஜானி பதில் யோசித்து வைத்திருந்தாள். ஆர்த்திகா இரண்டையும் சொல்லவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்தது. மன்னிப்புக் கேட்டிருந்தால் அந்தக் கடைசிப் புள்ளியை நினைத்து எப்போதாவது கூசவேண்டி வந்திருக்கும். இப்போது அந்தக் கவலை இல்லை.

"அடுத்த வருசமும் பேர் குடுப்பன்" என்றாள் ஆர்த்திகா.

"குடு" என்று கையை விடுவித்துக்கொண்டாள் கஜானி.

இறுதிப் போட்டியில் கல்குடாவைச் சேர்ந்த ஒரு பெண் அவளைத் தோற்கடித்தாள். அந்தப் பெண்ணுக்குப் புதிய சேர்வைப் படிக்க மூன்று புள்ளிகள் போதுமாயிருந்தன. இரண்டாமிடக் கேடயத்தை வாங்கும்போது கஜானி சிரித்த சிரிப்பைப் பார்த்தவர்கள், இவள்தான் வென்றவள் என்று நினைத்திருப்பார்கள்.

திரும்பும் பஸ்ஸில், கூட வந்திருந்த முப்லிஹாவின் முகம் சரியாக இருக்கவில்லை. கல்லடிப் பாலம் கடந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஒண்டக் குடுத்திருந்தா ஒனக்கு என்ன குறைஞ்சிருக்கும்?"

கஜானி உண்மையாகவே யோசித்தாள். "அந்தப் பூச்சியம் இல்லாமப் போயிருக்கும்" என்றாள்.

முப்லிஹா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காத்தான்குடியில் இறங்கும்போது வழக்கம்போலப் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. இனி அவள் மண்டபத்துக்கு வரமாட்டாள் என்று கஜானி நினைத்தாள். அது ஒன்றுதான் அன்றிரவு அவளை உறுத்தியது.

திங்கட்கிழமை முப்லிஹா கால் மணித்தியாலம் பிந்தி மண்டபத்துக்கு வந்தாள். பையைக் கதிரையில் வைத்துவிட்டு, மட்டையை எடுத்துக்கொண்டு எதிரே போய் நின்றாள். ஆர்த்திகா ஒரு வருடத்தில் இந்தச் சேர்வைக் கரைத்துக் குடித்துவிடுவாள் என்று கஜானிக்குத் தெரியும். கஜானி உடம்பை மறுபக்கம் திருப்பி, புறங்கைப் பக்கத்தால் இன்னொரு சேர்வை வீசிப் பார்த்தாள். பந்து வலைக்குள் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. முப்லிஹா குனிந்து பொறுக்கி, இரண்டையும் அவள் பக்கம் உருட்டிவிட்டாள்.