மறுபடி திறந்த கை

அவள் ஒரு பெரியவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் ஆட்காட்டி விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். தடித்த போர்வைக்கு மேல் தொடுவது போலிருந்தது. அடியில் ரத்தக் குழாய் இருக்கிறதா, வெறும் சதையா, விரல் எதையும் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிந்த நீலக் கோட்டை நம்பி ஊசியை இறக்கினாள். ரத்தம் வரவில்லை. கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாள். பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரிலிருந்த நாட்காட்டியைப் படிக்க ஆரம்பித்தார். இரண்டாவது முறை குத்தியபோது தோலுக்கடியில் பட்டாணி அளவுக்கு உப்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருநீலமாகிப் பரவியது.

"இன்னைக்கு உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையாம்மா?" என்றார் அவர்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பக்கத்து நாற்காலியில் ரத்தம் எடுப்பவளைக் கூப்பிட்டாள். பிறகு சாமான் அறைக்குள் போய், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று வலது கையை உதறினாள். உதறி உதறிப் பழகிவிட்டது. பஸ்ஸில் உதறுவாள், சமைக்கும்போது உதறுவாள், யாராவது பேசிக்கொண்டிருந்தால் முதுகுக்குப் பின்னால் மறைத்து உதறுவாள். கட்டைவிரல், ஆட்காட்டி, நடுவிரல் மூன்றும் மரத்துப் போய், அவற்றுக்குள் எறும்பு ஊர்ந்துகொண்டே இருக்கும்.

இருபத்திரண்டு வருடமாக அந்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறாள். குழந்தைகள் அவளை 'வலிக்காதக்கா' என்றுதான் கேட்டு வரும். வேறு யாருக்கும் கிடைக்காத குழாய் அவள் விரலுக்குக் கிடைக்கும். "எங்கே இருக்குன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறீங்க?" என்று புதிதாகச் சேருகிறவர்கள் கேட்டால், "நான் கண்டுபிடிக்கிறதில்ல, அதுவா வந்து விரல்ல முட்டும்" என்பாள். பெருமையாகச் சொன்னதில்லை. அவளுக்கு அப்படித்தான் இருந்தது. அன்று மதியம் மேலாளர் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்குக் கவுண்டரில் உட்கார்ந்து குப்பிகளில் பெயர்ச் சீட்டு ஒட்டச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். சீட்டும் அவளுக்குக் கோணலாகத்தான் ஒட்ட வந்தது.

கையில் ஆபரேஷன் ஆகி எட்டு மாதம் ஆகியிருந்தது. மணிக்கட்டில் ஒரு பட்டை நரம்பை அழுத்துகிறது, அதை வெட்டிவிட்டால் சரியாகிவிடும், பதினைந்து நிமிட வேலை என்றார் செய்தவர். செய்தவர் வேறு யாருமில்லை, அவள் தங்கையின் கணவர். எலும்பு டாக்டர். சொந்தமாக ஒரு சின்ன கிளினிக். நல்ல மனிதர். அவளுடைய அப்பா கடைசியாகப் படுத்தபோது மகன் மாதிரி கூட நின்றவர். "அக்காவுக்கு நானே பண்றேன்" என்று அவர் சொன்னபோது வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. கையை இன்னொருவரிடம் கொடுப்பதாவது.

முதலில், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்றார். பிறகு, நரம்பு மெதுவாகத்தான் தேறும், மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். ஐந்தாவது மாதத்தில் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் கையிலிருந்து தம்ளர் நழுவி விழுந்தது. தண்ணீரைத் துடைத்த தங்கை, தன் கணவரைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "தையல் அருமையா ஆறியிருக்கு. அக்கா அதையே நினைச்சிட்டு இருக்காங்க, அதான்" என்றார். அந்த வார்த்தை அப்படியே குடும்பத்துக்குள் சுற்றி வந்தது. அடுத்த மாதம் சின்ன மாமா போனில், "மனசைத் தைரியமா வெச்சுக்கம்மா, எல்லாம் மனசுதான்" என்றார். மனசு எப்படி மூன்று விரலுக்குள் மட்டும் போய் உட்கார்ந்தது என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கே சந்தேகம் வர ஆரம்பித்திருந்தது. சுண்டுவிரலைக் கிள்ளிப் பார்ப்பாள், நடுவிரலைக் கிள்ளிப் பார்ப்பாள். ஒருவேளை நான்தான் பெரிதாக்குகிறேனோ.

பெரியவரின் கை கறுத்ததற்கு மறுவாரம், யாரிடமும் சொல்லாமல் லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, கைக்கென்றே இருக்கும் ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனாள். குட்டையான பெண்மணி. அதிகம் பேசவில்லை. கட்டைவிரல் அடிச் சதை வற்றியிருப்பதைத் தடவிப் பார்த்தார். தழும்பின் மேல் லேசாகத் தட்டினார். நடுவிரல் நுனிவரை ஷாக் அடித்தது போல் சுளீரென்று ஓடியது. ஸ்கேன் எடுத்துத் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"பட்டையை முழுசா வெட்டல. உள்ளங்கைப் பக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கு. இருந்த அழுத்தமெல்லாம் அந்த இடத்துல போய் விழுது. திரும்பவும் திறக்கணும்."

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பயத்தில் இல்லை. "அப்போ நான் பொய் சொல்லல" என்றாள்.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "யாரு சொன்னது பொய்னு? முதல்ல எங்க பண்ணீங்க?"

"வெளியூர்ல" என்றாள் சட்டென்று.

"எங்க பண்ணியிருந்தாலும் ஆபரேஷன் குறிப்பு வேணும். எப்படித் திறந்தாங்க, உள்ள என்ன பாத்தாங்கன்னு தெரியாம நான் கை வைக்க மாட்டேன். வாங்கிட்டு வாங்க. தள்ளிப் போடாதீங்க, நரம்பு ரொம்ப நாள் பொறுக்காது."

அன்று சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். கேட்டுக்கொண்டே நகத்திலிருந்த கிரீஸைச் சுரண்டினார். "என் வேலையே தேவலாம் போல. மேல போனா ரிப்பேர் பண்ணியாச்சு, போகலைன்னா பண்ணலைன்னு அர்த்தம். மனசு சரியில்லன்னு லிஃப்டைச் சொல்ல முடியாது" என்றார். அவள் சிரிக்கவில்லை. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். சாத்திய ஜன்னலைத் திறந்தாள், திறந்ததைச் சாத்தினாள். கடைசியில் தங்கைக்குப் போன் போட்டாள்.

"உன் வீட்டுக்காரர் கிளினிக்ல என் ஃபைல் இருக்கும். அதுல ஆபரேஷன் குறிப்பை மட்டும் ஒரு காப்பி எடுத்துக் குடு. அவருக்குத் தெரிய வேணாம்."

"எதுக்கு?"

சொன்னாள். 

"அப்போ அவர் கை சரியில்லன்னு இன்னொரு டாக்டர்கிட்ட போய்ச் சொல்லிட்டு வந்திருக்க" என்றாள் தங்கை. "கூடப் பிறந்தவ நீ. வேற யாராவது இப்படிப் பண்ணியிருந்தா எனக்கு ஒண்ணும் தோணாது."

"எனக்கும் அப்படித்தான். வேற யாராவது ஆபரேஷன் பண்ணியிருந்தா ஆறு மாசம் முன்னாடியே போய்க் கேட்டிருப்பேன்."

தங்கை போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் பேசவில்லை.

வேறு வழியில்லை. இரண்டு நாள் கழித்து அவளே கிளினிக்குக்குப் போனாள். உள்ளே நேராகப் போகும் உரிமை உண்டு. ஆனாலும் டோக்கன் வாங்கிக்கொண்டு மற்றவர்களோடு உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை. எழுந்து மீன் தொட்டியைப் பார்த்தாள், தண்ணீர் குடித்தாள், திரும்ப வந்தபோது இடம் போயிருந்தது. அவள் எண் வருவதற்குள் மாப்பிள்ளையே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"உள்ள வாங்கக்கா."

தங்கை சொல்லியிருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஸ்கேன் படத்தை மேஜையில் வைத்தாள். அவர் எடுத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கணினியில் எதையோ தேடி, அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார். மொத்தமே ஐந்து வரி. அதில் நான்காவது வரியை அவள் இரண்டு முறை படித்தாள். 'பட்டை முழுவதும் வெட்டப்பட்டது, நரம்பு விடுவிக்கப்பட்டது.'

"எல்லாருக்கும் இதையேதான் அடிப்பேன்" என்றார் அவர். "பேரும் தேதியும் மட்டும் மாத்துவேன்."

அவள் தாளை மடித்தாள். விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காததால் மடிப்பு கோணிக்கொண்டு போனது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தழும்பு பெருசா தெரியக்கூடாதுன்னு சின்னதா திறந்தேன். வேற பேஷன்ட்டா இருந்தா இன்னும் நல்லாத் திறந்து, கடைசி வரைக்கும் பாத்திருப்பேன். உங்க கைங்கிறதால..." நிறுத்திக்கொண்டார்.

மாதக்கணக்கில் அவள் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. சாப்பாட்டு மேஜை, சின்ன மாமா, மனசு எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றையும் எடுக்காமல், தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எழுந்து கதவுவரை போனபோது அவர் கேட்டார்.

"அந்த ஆபரேஷன் அன்னைக்கு நானும் உள்ள வரலாமாக்கா? அந்த டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். நீங்க வேணாம்னா வேணாம்."

"நீங்க எதுக்கு மாப்பிள்ளை?"

"என் கண்ணால பாக்கணும்."

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள். வழக்கமான பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நடந்தாள், அடுத்ததையும் தாண்டினாள். அவர் வெளியில் இருந்தால் அவர்மேல் நிம்மதியாகக் கோபப்படலாம். உள்ளே வந்து நின்றுவிட்டால் அது முடியாது. வராமல் போனால், உள்ளே என்ன இருந்தது என்பது கடைசிவரை அவள் சொல்லும் கதையாகவே இருக்கும். வீட்டில் கணவர், "அந்த ஆளு எதுக்கு அங்க? பண்ணது போதாதா?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஆபரேஷனுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, குப்பியில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தவள், பாதியில் விட்டுவிட்டு மாப்பிள்ளைக்கு ஒரே வார்த்தை அனுப்பினாள்: 'வாங்க.'

அக்குளில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கச் செய்தார்கள். முதலில் சூடாக இருந்தது, பிறகு கனத்தது, பிறகு அந்தக் கை அவளுடையது இல்லை. நடுவில் பச்சைத் துணியைத் திரை மாதிரி கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் நடப்பது காதில் மட்டும் விழுந்தது. கருவிகள் தட்டில் விழும் ஓசை, டாக்டரம்மா நர்ஸிடம் ஏதோ கேட்பது. கால் விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். அசையாமல் இருங்க என்று யாரோ இரண்டு தடவை சொன்னார்கள்.

"வாங்க டாக்டர். இந்தப் பக்கம் நின்னு பாருங்க."

மாப்பிள்ளையின் செருப்பு தரையில் உரசும் சத்தம்.

"இதோ, இதுதான். அஞ்சு மில்லிமீட்டர் இருக்குமா? நரம்பு இங்க எப்படி நசுங்கியிருக்கு பாருங்க. தழும்போட வேற ஒட்டிக்கிட்டிருக்கு."

 கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அவர் மெல்ல, வகுப்பில் கடைசி வரிசையிலிருந்து சொல்வது போல, "ஆமா" என்றார்.

மிச்சத்தை வெட்டி, நரம்பைப் பிரித்தெடுக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. தையல் போடும்போது அவர் திரையைச் சுற்றி அவள் தலைமாட்டுக்கு வந்தார். முகமூடிக்கு மேல் கண்கள் மட்டும் தெரிந்தன. சிவந்திருந்தன.

"இருந்துச்சுக்கா" என்றார். "நீங்க சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு."

இந்த வார்த்தைக்காக எத்தனை நாள் காத்திருந்தாள். இப்போது அது அவளுக்கு எதற்கும் உதவாத பொருளை யாரோ கையில் திணித்தது போலிருந்தது.

"உணர்ச்சி திரும்பி வருமா?" என்று கேட்டாள்.

இரண்டு வாரம் என்று சொல்வாரோ என்று அவர் கண்ணையே பார்த்தாள்.

"தெரியலக்கா. முழுசா வரலாம். பாதி வரலாம். நசுங்கினது ரொம்ப நாளாயிடுச்சு."

டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். மூன்று மாதத்துக்கு முன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார்.

வெளியே கொண்டுவந்து சக்கர நாற்காலியில் உட்கார்த்தி, தாழ்வாரத்தில் சுவரோரமாக நிறுத்தினார்கள். கட்டுப் போட்ட கை, கழுத்திலிருந்து தொங்கும் துணியில் யாரோ மறந்துவிட்டுப் போன பொட்டலம் போலக் கிடந்தது. கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். எதிர்ச் சுவரோரத்து பெஞ்சில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. முழங்கையைத் தொடையில் ஊன்றிக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. 'சாப்பிட்டீங்களா' என்று கேட்க வாயெடுத்து, அதுவும் சரியாகப் படாமல் விட்டுவிட்டாள்.

லிஃப்ட் கதவு திறந்தது. தோளில் பெரிய பையோடு தங்கை வந்தாள். யார் சொல்லி வந்தாளோ தெரியவில்லை. முடியைச் சரியாக வாராமல் வந்திருந்தாள். வேகமாக நடந்து வந்தவள், முதலில் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். அடுத்த நொடியே பெஞ்சில் குனிந்திருந்தவரைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. தாழ்வாரத்தின் நட்டநடுவில் அவள் நின்றுவிட்டாள்.

பின்னாலிருந்து ஒரு ஆள் காலியான ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதன் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது.

"அம்மா, நடுவுல நிக்காதீங்க. ஏதாவது ஒரு பக்கமா நில்லுங்க" என்றார் அவர்.

தங்கை பையின் வாரை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். ஸ்ட்ரெச்சர் அவள் முதுகுக்கு ஒரு முழம் பின்னால் வந்து நின்றது.