நாலாவது காம்பு

மந்தைவெளியில் அந்தத் தெருவுக்கே பால் கறந்து ஊற்றுகிறவன் கபாலி. விடிகாலையில் பசுவையும் கன்றையும் வாசலுக்கே ஓட்டிவந்து, கண்ணெதிரே கறந்தால்தான் ஜெயலக்ஷ்மி மாமிக்குத் திருப்தி. இல்லாவிட்டால் தண்ணீர் கலந்துவிடுவானாம். செம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லிவிட்டு, படியில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்ப்பாள். அவன் மூன்று காம்புகளைக் கறப்பான். நாலாவது கன்றுக்கு. அவன் அப்பன் காலத்திலிருந்தே அப்படித்தான்.

எழுபத்திரண்டாம் வருஷம் மார்கழியில் மாமியின் சம்பந்திகள் கச்சேரி கேட்கத் திருச்சியிலிருந்து வந்து இறங்கினார்கள். ஆறு பேர், பத்து நாள். முதல் நாளே சம்பந்தியம்மாள் டம்ளரைப் பார்த்து, "மெட்ராஸ்ல காப்பி இப்படித்தான் போலிருக்கு" என்றாள். குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை, பாருங்கள். அதுதான் சுருக்கென்று தைத்தது. பெண்ணைக் கொடுத்த இடமாயிற்றே.

மறுநாள் மாமி நாலாவதையும் கறக்கச் சொன்னாள்.

"அது கன்னுக்குட்டி பங்கு மாமி. இன்னும் புல்லு கடிக்கவே கத்துக்கல."

"பத்தே நாள்டா. கன்னுக்கு நான் கஞ்சி காய்ச்சித் தரேன். முடியாதுன்னா சொல்லிடு, டிப்போ பாலுக்கு மாறிக்கறேன்."

கபாலி தலையைச் சொறிந்தான். பிறகு கறந்தான்.

சொன்னபடி இரண்டு நாள் கஞ்சி கொடுத்தாள். மூன்றாம் நாள் போளி தட்ட வேண்டியிருந்தது. நாலாம் நாள் ஏதோ ஒன்று. விளக்குக் கம்பத்தில் கட்டிய கன்று கத்தியது மாமியின் காதில் விழாமலில்லை. உள்ளே சம்பந்தியம்மாள் இரண்டாம் டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் ரயிலேறிய மறுநாள் கன்று வரவில்லை. பசு பாலை அடக்கிக்கொண்டது. ஒரு வாரம் கழித்துக் கபாலி எதையோ அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தான். கன்றின் தோலுக்குள் வைக்கோல் திணித்து, குச்சிக் கால் வைத்த பொம்மை. அதைப் பசுவின் முன்னால் நிறுத்தினான். வெள்ளிக்கிழமைதோறும் மாமி கன்றுக்குக் குங்குமம் வைக்கும் நெற்றிச் சுழி அப்படியே இருந்தது. பசு அந்த இடத்தை நக்கியது. மடியில் பால் இறங்கியது.

எதிர்வீட்டு சுலோச்சனா வாசலுக்கு வந்து அவனைப் பிடித்துக்கொண்டாள். வாயில்லா ஜீவனைப் பட்டினி போட்டுக் கொன்ற பாவி, இனி உன் பால் என் ஆத்துக்கு வேண்டாம் என்று தெருவே கேட்கும்படி சொன்னாள். கபாலி ஒரே ஒரு தரம் மாமியை நிமிர்ந்து பார்த்தான். பிறகு குனிந்து கறக்கத் தொடங்கினான். மாமி செம்புக்குள் விழும் பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரத்தில் இன்னும் மூன்று வீடுகள் அவனை நிறுத்தின. மாமிக்கோ படியில் உட்கார முடியவில்லை. பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். கடைசியில் ஒருநாள் காலை, அவன் கறந்துகொண்டிருக்கும்போதே தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போனாள். சுலோச்சனா டிப்போ பாலில் காப்பி கலந்து கொடுத்தாள்.

"நாலாவது காம்பையும் கறக்கச் சொன்னது நான்தான் சுலோச்சனா. கஞ்சி தரேன்னுட்டு மறந்ததும் நான்தான்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கபாலிக்கு விழுந்த வசவில் பாதியாவது தனக்கும் விழட்டும் என்று காத்திருந்தாள்.

சுலோச்சனா சிரித்துவிட்டாள். "போங்கோ மாமி, சம்பந்தி வந்தா யார்தான் கேக்க மாட்டா? மாடு வச்சிருக்கறவனுக்குன்னா தெரியணும்! காப்பி ஆறிடப்போறது, குடியுங்கோ."

டம்ளர் வாய் வரைக்கும் போயிற்று. குடிக்காமலே கீழே வைத்தாள். எதிரே கபாலி பொம்மையைத் தூக்கி அக்குளில் வைத்துக்கொண்டு நடந்தான். கயிறு இழுக்க வேண்டியிருக்கவில்லை. பசு அதன் பின்னாலேயே போயிற்று.