எத்தனை பேர் பார்க்க வேண்டும்

மாமியாரின் தலையைக் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தாழ்த்திப் பிடித்து, கீழே வைத்திருந்த பேசினில் முடியை அலசிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. மருமகனின் இரண்டு கைகளிலும் நுரை. மேசை மேல் கிடந்த கைப்பேசி ஒருமுறை சிணுங்கி அடங்கியது.

"யாரோ கூப்பிடறாங்க பாருங்க மாப்பிள்ளை" என்றாள் மாமியார், கண்களை இறுக மூடியபடியே.

"கூப்பிடல அத்தை, ஏதோ மெசேஜு. கடன் வேணுமான்னு கேட்டிருப்பான்."

"வேணும்னு சொல்லிடுங்க. திருப்பிக் கேட்டா என்னைக் காட்டுங்க. கட்டிலோட தூக்கிட்டுப் போகட்டும்."

பக்கவாதம் அந்த அம்மாளின் வலக்கையையும் வலக்காலையும் எடுத்துக்கொண்டது. நாக்கையும் கொஞ்சம் இழுத்துப் பார்த்தது. கேலியை மட்டும் அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே முடியைத் துவட்டி, தலையணையில் துண்டை விரித்து அவளைச் சாய்த்துவிட்டுக் கையைத் துடைத்தார். பள்ளிப் பாடநூல்களுக்கு மெய்ப்புத் திருத்துவது அவருடைய தொழில். அச்சகத்தில் அவரைச் சிவப்பு மைக்காரர் என்றே அழைப்பார்கள். வேலையை வீட்டுக்கு எடுத்துவந்து செய்யலாம் என்பதால், வேறோர் ஊரின் மருத்துவமனையில் தாதியாக இருக்கும் மனைவி விடுப்பில் வந்து போகும் நாள்கள் நீங்கலாக, மற்ற நாளெல்லாம் மாமியாருக்குக் கையும் காலும் அவர்தான். குளிப்பாட்டிவிட மட்டும் காலையில் ஒரு பெண் வந்து போவாள்.

செய்தி, சுவரின் மூலையில் இருந்த கேமராவைப் பற்றியது. தெருவில் ஒரு வீட்டில் திருட்டுப் போனபோது மனைவி வாங்கி மாட்டியவை அவை: வாசலில் ஒன்று, கூடத்தில் ஒன்று, கதவு திறந்தால் சொல்லும் வெள்ளைச் சில்லு ஒன்று. 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்று தொடங்கிய அந்த அறிவிப்பு, வீட்டுப் பாதுகாப்புக் கருவிகளுக்கான சேவையை இம்மாத இறுதியோடு நிறுத்திக்கொள்வதாகவும், அதன்பின் அவை இயங்கமாட்டா என்றும் சொல்லி, 'இத்தனை காலம் எங்கள் மீது வைத்த நம்பிக்கைக்கு நன்றி' என்று முடிந்திருந்தது. தொழில் பழக்கத்தில் இரண்டுமுறை படித்தார். ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை. அவ்வளவு சுத்தமாகக் கழுத்தை அறுத்திருந்தார்கள்.

அண்ணாந்து பார்த்தார். கேமராவில் ஒரு கீறல் இல்லை. அதன் பச்சை விளக்கு ஒன்றும் அறியாத பிள்ளையைப் போல எரிந்துகொண்டிருந்தது. பழுதாகி நிற்கும் பொருளை மனம் ஏற்கும். நன்றாக இருக்கும் பொருளை, முகம் தெரியாத யாரோ எங்கிருந்தோ அணைத்துவிட முடியுமென்றால், இத்தனை நாள் அது யாருடைய பொருளாக இருந்தது? சுவர் அவருடையது, ஆணி அவருடையது, மின்சாரம் அவருடையது. கண் மட்டும் அவருடையது இல்லை போலும்.

மறுநாள் மூன்றாம் வகுப்புப் பாடநூலின் தாள்களோடு அவர் மேசையில் அமர்ந்திருந்தார். அதில் ஒரு கதை. எலித்தொல்லை தாங்காத குடியானவன் ஒருவன் தன் களஞ்சியத்துக்கு ஓர் ஆந்தையைக் காவல் வைக்கிறான். ஆந்தை இராப்பகலாக விழித்திருக்கிறது. ஆனால் எலியைப் பார்ப்பதில்லை, குடியானவன் எத்தனை பிடி அள்ளுகிறான் என்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இக்கதையின் நீதி யாது என்று கேட்டு, பிள்ளைகள் எழுத இரண்டு கோடுகள் விட்டிருந்தார்கள். கோடுகளின் நீளம் போதாது என்று ஓரத்தில் குறித்தபோது மனைவியின் அண்ணன் அழைத்தார்.

அந்த மைத்துனர் கடல் கடந்து வேலை பார்ப்பவர். தாயை வந்து பார்க்க அவருக்கு ஓய்வு வாய்த்ததே இல்லை. ஆனால் தினமும் அழைத்துவிடுவார். அதுவும் அழைக்க வேண்டிய நேரத்தில் கச்சிதமாக. குளிப்பாட்டி முடித்து அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்ததும் மணி அடிக்கும். மருந்து வேண்டாமென்று அவள் உதட்டைக் கடித்துக்கொள்ளும் நாளில், "அம்மா, மாத்திரை போட்டுக்கிட்டியா?" என்று அங்கிருந்து குரல் வரும். அப்போதெல்லாம் மாமியாரின் முகத்தைப் பார்க்க வேண்டும். "பெத்தவ மனசு இங்க நெனைக்குது, அவனுக்கு அங்க கேக்குது" என்பாள். குளிப்பாட்ட வரும் பெண்ணிடமும், கண் மருத்துவரிடமும், தபால்காரரிடமும் இதைச் சொல்லியாகிவிட்டது. படுக்கையில் கிடக்கும் அவளுக்கு ஊரில் சொல்லிக்கொள்ள இருந்த ஒரே செல்வம் அது.

"மாப்பிள்ளை, என்ன இது, கேமராவ நிறுத்தப் போறாங்களாமே?" என்றார் மைத்துனர்.

"ஆமா மச்சான். நல்லா ஓடிக்கிட்டிருக்கிறத நிறுத்தறாங்க. உங்ககிட்ட உங்க தங்கச்சி சொன்னாளா?"

"இல்ல, எனக்கும்தானே மெயில் வந்துச்சு. எல்லா யூசருக்கும் அனுப்பி..."

வாக்கியம் பாதியில் நின்றது. வரி நடுவே எழுத்து விழுந்துவிட்டால் தாளில் தெரியும் வெள்ளையைப் போல அங்கே ஓர் இடைவெளி.

"உங்களுக்கும் வருமா?" என்றார் இவர். குரலைச் சமமாக வைத்துக்கொள்ளப் பெரிய முயற்சி தேவைப்பட்டது.

"சும்மா ஒரு அவசரத்துக்குன்னு... தங்கச்சிதான் போட்டுக் குடுத்தா. எப்பவாச்சும்தான் பாப்பேன் மாப்பிள்ளை. வேற வாங்கறதா இருந்தா நல்லதாப் பாருங்க. செலவு என்னுது."

பேசி முடித்தபின் அவர் நெடுநேரம் மேசையை விட்டு எழவில்லை. எழுந்தால் கூடத்தின் நடுவுக்கு வர வேண்டும். கூடத்தின் நடுவில் அந்தக் கண் இருந்தது. ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மாமியாரைச் சிரிக்க வைக்க, கிழிந்த பனியனோடு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அவர் ஆடிய ஆட்டங்கள். தன் தாய் இறந்த செய்தி வந்த அன்று, கட்டில் காலில் சாய்ந்து தரையில் அமர்ந்து வாய்விட்டு அழுதது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நாள். விடிந்ததிலிருந்து மூன்றாவது முறையாக அந்த அம்மாள் மருந்தைத் துப்பியபோது, கரண்டியைச் சுவரில் விட்டெறிந்தார். பிறகு தானே பொறுக்கி, தானே துடைத்து, மன்னிப்பும் கேட்டார். அந்த வாரம் மைத்துனர் பேச்சோடு பேச்சாக, "கோபம் உடம்புக்கு ஆகாது மாப்பிள்ளை" என்றார். எவ்வளவு அக்கறை என்று அவர் நெகிழ்ந்தது இப்போது நெஞ்சில் குத்தியது. திருடனுக்காக வைத்தது என்று நம்பினார். திருடன் இந்தப் பக்கம் வரவே இல்லை. இத்தனை ஆண்டுகளில் அந்தக் கண்ணில் மாட்டிக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

மனைவி விடுப்பில் வந்ததும், பையை இறக்கி வைக்குமுன் கேட்டார். சமையலறையில், குரலைத் தாழ்த்தி.

அவள் மறைக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள். "அண்ணன் அம்மாவ ஒரு விடுதியில சேக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னான். மருமகன் எத்தன நாள் பாப்பாரு, காசுக்குப் பாக்கறவங்களே மேல்னான். அவன் வாய அடைக்க எனக்கு வேற வழி தெரியலைங்க. இந்தா, நீயே பாருன்னு குடுத்தேன். பாத்தான். அதுக்கப்புறம் விடுதிங்கற பேச்சே எடுக்கல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா, நீங்க கேமராவுக்காகச் செய்யறீங்கன்னு சொல்லியிருப்பான்."

"அப்போ எனக்கே தெரியாம இத்தன வருஷமா பரீட்சை எழுதிக்கிட்டு இருந்திருக்கேன்."

"பாஸ் பண்ணிட்டீங்களே" என்று அவள் சிரிக்கப் பார்த்தாள். அவர் முகம் மாறவில்லை. சிரிப்பு அவள் உதட்டிலேயே தங்கி, மெல்ல வடிந்தது. "உங்களச் சந்தேகப்பட்டு ஒருநாளும் நான் பாத்ததில்லைங்க."

"சந்தேகப்பட்டுப் பாக்கற ஆளுக்குச் சாவியக் குடுத்துட்டியே."

அவள் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தாள். அவர் தட்டிவிடவில்லை, அசையவும் இல்லை. கூடத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது: "அங்க என்ன ரகசியம்? என்னை விக்கறதா இருந்தா நல்ல வெலைக்கு வில்லுங்க!" இருவரும் ஒரே நேரத்தில் "ஒண்ணுமில்லம்மா", "ஒண்ணுமில்ல அத்தை" என்றார்கள்.

சொல்லிவிட வேண்டும் என்ற ஆத்திரம் அவருக்கு இருந்தது. உன் பிள்ளைக்கு உன் மனம் கேட்கவில்லை அம்மா, படம் தெரிந்தது என்று ஒரே வாக்கியம். அன்று மாலை அவளுக்குப் பாலை ஆற்றிக் கொடுக்கும்போது அந்த வாக்கியம் பல்வரை வந்தது. "இப்பக் கூப்பிடுவான் பாருங்க" என்று அவள் கழுத்தைத் திருப்பினாள், மணி அடித்தது. வெற்றி பெற்ற குழந்தையைப் போல அவரைப் பார்த்தாள். அவர் வாக்கியத்தை விழுங்கிவிட்டு, கைப்பேசியை அவள் காதருகே பிடித்துக்கொண்டார்.

மனைவி ஊருக்குத் திரும்புமுன், அம்மாவுக்குத் துணையாக அவளை வீட்டில் இருத்திவிட்டுக் கடைக்குப் போனார். வாசலுக்குக் காவல் வேண்டும்தானே. நடக்க முடியாதவள் உள்ளே இருக்கிறாள். கடைக்காரர் வாய் ஓயாத மனிதர். இவர் நிறுவனத்தின் பெயரைச் சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அது கண்ண மூடிடுச்சா? நேத்து மட்டும் நாலு பேரு அழுதுட்டுப் போனாங்க சார்."

"இனிமே வாங்கறது அப்படி ஆகக்கூடாது. அந்தக் கம்பெனி நாளைக்கே கடைய மூடினாலும் இது ஓடணும்."

"அப்படிக் கேளுங்க. படம் எங்க போகுதுன்னு பாக்காம, பொட்டி என்ன கலர்னு பாத்து வாங்கறாங்க." கனமான ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். "பதிவெல்லாம் இதுக்குள்ளயே இருக்கும். அலமாரில வச்சுப் பூட்டிக்குங்க. கேமரா வேற கம்பெனியோடது போட்டாலும் எடுத்துக்கும். இன்டர்நெட்டு போனாலும் பதிவாகும். மாசச் சந்தா கெடையாது. இதப் பாக்கணும்னா வீட்டுக்கு வந்துதான் பாக்கணும்."

"வீட்டுக்கு வந்துதான்" என்று அவர் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

"வெளியூர்ல இருந்து பாக்கவும் வழி இருக்கு சார். ஆனா சாவி உங்க கையில. நீங்க யாருக்குக் குடுக்கறீங்களோ அவங்க மட்டும்தான்." கடைக்காரர் ரசீது எழுதப் பேனாவைத் திறந்தார். "எத்தன பேரு பாக்கணும்?"

அவர் அந்தப் பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டே நின்றார். பின்னால் நின்றவர்கள் நெளியத் தொடங்கினார்கள்.

"என்ன சார், பொண்ணு பாக்கறதுக்கா கேட்டேன்? கேமரா பாக்கறதுக்கு" என்று கடைக்காரர் சிரித்தார். "சரி, அப்புறமாக்கூடச் சேத்துக்கலாம்."

கடையின் ஆள் வந்து பொருத்திவிட்டுப் போனார். வாசலில் ஒன்று, உள்ளே கதவை மட்டும் பார்க்கும்படி ஒன்று. "கட்டிலும் தெரியற மாதிரி வைக்கட்டா?" என்று அந்த ஆள் கேட்டபோது, "வேண்டாம்" என்ற சொல் இவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. மைத்துனர் அன்றே அழைத்தார். புதிய கேமராவில் தனக்கும் ஓர் இணைப்புக் கொடுக்கும்படி, முகத்தில் அடிக்காத குரலில் கேட்டார்.

"இது வீட்டுக்குள்ளயே இருக்கிறது மச்சான். அம்மாவப் பாக்கணும்னா வீட்டுக்கு வாங்க. கதவு திறந்துதான் இருக்கும்."

"வரேன் மாப்பிள்ளை, வரேன். இந்த வேலை முடியட்டும்."

மாத இறுதியில், சொன்ன சொல் தவறாமல், பழைய கேமராவின் பச்சை விளக்கு சிவந்து அணைந்தது. அதைக் கழற்றி அதன் பெட்டியிலேயே வைத்தார். கூடத்தின் நடுவில் நின்று கையை நீட்டிச் சோம்பல் முறித்தார். யாரும் பார்க்கவில்லை. நினைத்த அளவுக்கு அது இனிக்கவில்லை.

காலையில் குளிப்பாட்டும் பெண் வந்து போனாள். மாமியாரை ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்து, ஈரத்துண்டை அவர் பிழிந்துகொண்டிருந்தார். அவள் தலையைச் சாய்த்து மேசைக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் அவள் மடிக்கு வந்தது. மணி அடிக்கவில்லை.

"போன்ல ஏதாச்சும் கோளாறா மாப்பிள்ளை?"

எடுத்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு அத்தை. வேலையா இருப்பாரு."

"வேலையெல்லாம் எப்பவும்தான் இருக்கு." கேலி செய்யத் தெரிந்த அந்த முகத்தில் அவர் இதுவரை பார்க்காத ஒன்று படிந்தது. "நான் நெனைச்சுக்கிட்டே இருக்கேன், அவனுக்குக் கேக்கல. அவன் உடம்புக்கு ஏதாச்சும் ஆயிடுச்சோ?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அத்தை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கைப்பேசியோடு அவளுக்கு முதுகு காட்டித் திரும்பினார். மைத்துனரின் பெயரைத் தொட்டு, 'குளிச்சு உக்காந்திருக்காங்க. கூப்பிடுங்க' என்று எழுதினார். எழுதியதைப் பழக்கத்தில் ஒருமுறை சரிபார்த்தார். அனுப்பும் குறிமேல் வைத்த கட்டைவிரல் ஈரமாக இருந்தது. திரை அதை ஏற்கவில்லை. விரலிலிருந்து ஒரு சொட்டு நீர் 'கூப்பிடுங்க' என்ற சொல்லின் மேல் உட்கார்ந்து, எழுத்துகளைப் பெரிதாக்கிக் காட்டி நடுங்கியது. பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. அவள் நல்ல கையை ஊன்றி, எட்டிப் பார்க்க முயன்றுகொண்டிருந்தாள்.