அம்மா புக் செய்த வண்டி

பாண்டி பஜாரில் நான்காவது முறையாக அதே வாக்கியத்தைச் சொல்ல நீரஜா வாயைத் திறந்தபோது, இரண்டு கையிலும் ஜவுளிக்கடைப் பையோடு ஒருவர் கேமராவுக்கு முன்னால் வந்து நின்றார். வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார். டேங்கைத் தட்டிப் பார்த்தார். அதன்மேல் ஹெல்மெட்டும் கையுறையுமாக உட்கார்ந்திருந்தவளை விட்டுவிட்டு, கேமராவைப் பிடித்துக்கொண்டிருந்த லாரன்ஸிடம் போய்க் கேட்டார்.

"பழைய வண்டிய ரீமாடல் பண்ணியிருக்கீங்களா தம்பி? எவ்ளோ குடுக்குது?"

"புது வண்டி சார். அவங்கள கேளுங்க. அவங்கதான் ஓட்டிகினு கீறாங்க."

அவர் நீரஜாவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மறுபடியும் லாரன்ஸிடமே, "லிட்டருக்கு நாப்பது வருமா?" என்றார்.

நீரஜா ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள். உள்ளே பல்லைக் கடிப்பது வெளியே தெரியாது என்பது அதில் ஒரு வசதி.

ஏழு வருஷமாக அவள் யூடியூபில் மோட்டார் சைக்கிள்களைத் தமிழில் அலசிக்கொண்டிருக்கிறாள். வண்டி வாங்கப் போகிறவர்கள் அவள் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் ஷோரூமுக்குப் போகிறார்கள் என்ற அளவுக்குப் பெயர் உண்டு. ஆனாலும் ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே, 'உங்களுக்கு ஸ்கூட்டரே போதும் சிஸ்டர்' என்று யாராவது எழுதாமல் இருந்ததில்லை. முதல் வருஷம் பதில் எழுதினாள். அப்புறம் படிப்பதையே விட்டுவிட்டாள்.

அன்று அவளிடம் இருந்தது 'ஜமீன் 200'. உருண்டை ஹெட்லைட், வயிறு உப்பிய டேங்க், பளபளக்கும் மட்கார்டு, பழுப்பு நிறத் தோல் சீட் என்று வெளியே முழுக்க அந்தக் காலத்து வேஷம். உள்ளே எல்லாம் இந்த வருஷத்துச் சரக்கு. வட்ட மீட்டருக்குள் ஒரு திரை, அதில் வழி காட்டும் அம்புக்குறி, போனில் யார் கூப்பிடுகிறார்கள் என்ற தகவல். சைடு ஸ்டாண்டைப் போட்டபடி கியரைப் போட்டால் என்ஜினைத் தானே அணைத்துவிடும் பாதுகாப்பு வேறு. பிரேக் நன்றாகப் பிடித்தது. டிராஃபிக்கில் ஊர்ந்து போவதற்கும் சிரமம் இல்லை. நல்ல வண்டிதான் என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்றே அவள் நினைத்திருந்தாள்.

பனகல் பார்க் அருகே மெட்ரோ வேலைக்காகச் சாலையில் போட்டிருந்த இரும்புத் தகட்டின்மேல் ஏறி இறங்கியதும் வண்டி பொட்டென்று நின்றது. திரையில், 'ஸ்டாண்டை எடுக்கவும்' என்று சிவப்பில் எழுத்து வந்தது. குனிந்து பார்த்தாள். ஸ்டாண்ட் மேலேதான் இருந்தது. பின்னால் ஒரு மாநகரப் பேருந்து ஹாரனை அழுத்தியது. அழுத்திய கையை எடுக்கவே இல்லை.

"ஓட்டத் தெர்லன்னா வூட்ல குந்திகினு இருக்க வேண்டிதானம்மா!" என்று ஓர் ஆட்டோக்காரர் கத்திவிட்டுப் போனார்.

நடைபாதையிலிருந்து லாரன்ஸ் ஓடி வந்தான். "இன்னா ஆச்சுக்கா? ஸ்டாண்டு மேலதான கீது?"

"நமக்குத் தெரியுது. அதுக்குத் தெரியலையே."

ஸ்டாண்டை இரண்டு தரம் இறக்கி ஏற்றிய பிறகு வண்டி கிளம்பியது. மயிலாப்பூரில் இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் வழியில் இன்னும் இரண்டு தடவை அதே போல் நின்றது. மூன்றாவது தடவை தள்ளிக்கொண்டு ஓரம் கட்டும்போது ஹெல்மெட்டுக்குள், 'சித்தார்த்தன் அழைக்கிறார்' என்று வண்டியே இனிமையாக அறிவித்தது. வண்டியை ஒரு நாள் இரவல் கொடுத்திருந்த கம்பெனியின் விளம்பர அதிகாரி அவர்.

"மேடம், எப்படி இருக்கு நம்ம ஜமீன்? வீடியோல எங்கயாவது 'ராஜ கம்பீரம்'னு ஒரு வார்த்தை வந்தா நல்லா இருக்கும்."

"ராஜா நடு ரோட்டுல படுத்துக்கறார் சார்."

அவள் விவரம் சொன்னதும் அவர் குரல் தணிந்தது. "அது முதல்ல வந்த லாட் மேடம். ஸ்டாண்டு சுவிட்ச்ல சின்னப் பிரச்சினை. சரி பண்ணிடுவோம். அதை வீடியோல பெரிசு பண்ணாதீங்களேன்."

யோசிப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள். பசி வேறு வயிற்றைக் கிள்ளியது.

சித்திரக்குளம் பக்கத்து அடுக்ககத்தில் அவளும் அவள் அம்மா சுப்புலக்ஷ்மியும் மட்டும்தான் இருந்தார்கள். அம்மா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டிச் சத்தம் கேட்டுக் கீழே இறங்கி வந்தவர், நீரஜாவையும் லாரன்ஸையும் 'வா' என்றுகூடச் சொல்லாமல் நேராக வண்டியிடம் போனார். ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து கியர் லீவரைப் பார்த்தார். நீரஜாவுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். சாம்பார் வாசனையில் அது தோன்றவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா சொன்னார். "நீரஜா, அந்த வண்டியை நான் புக் பண்ணிட்டேன்."

"எந்த வண்டியை?"

"கீழே நிக்கறதே, அதை. பச்சைக் கலர்."

நீரஜா பிசைந்த சோற்றை அப்படியே வைத்தாள். "யாருக்கு?"

"யாருக்குன்னா? எனக்குத்தான்."

"அம்மா, அது கியர் வண்டி!"

"தெரியும். கத்துண்டாச்சு. கே.கே. நகர்ல பொம்மனாட்டிகளுக்குன்னே கிளாஸ் வச்சிருக்கா."

"நீ எப்போ கே.கே. நகர் போனே?"

"செவ்வாயும் வியாழனும்."

செவ்வாயும் வியாழனும் அம்மா சஹஸ்ரநாம வகுப்புக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாக நீரஜா அதை நம்பிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த லாரன்ஸுக்குப் புரை ஏறிவிட்டது.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ என்னை ரிவ்யூ பண்ணுவே."

"ஊருக்கெல்லாம் எந்த வண்டி வாங்கறதுன்னு நான் சொல்றேன். எங்கம்மா என்னை ஒரு வார்த்தை கேக்காம புக் பண்றா! பழைய காலத்து வண்டி மாதிரி இருக்குன்னு மயங்கிட்டியா?"

"பழைய காலத்துல எங்கிட்ட ஏதுடி வண்டி? பஸ் பாஸ்தான் இருந்தது. பாக்க நன்னா இருக்கு, ஓட்டணும் போல இருக்கு. அவ்வளவுதான்."

"உனக்கு அறுபத்திரண்டு ஆறது."

"அதை யாரு போய் வண்டிகிட்ட சொன்னா?"

"முழங்காலுக்கு மாத்திரை சாப்பிட்டுண்டு இருக்கே. அந்த வெயிட்டை எப்படித் தாங்குவே? உனக்கு ஸ்கூட்டரே போதும்மா!"

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியத்தை எங்கே படித்திருக்கிறோம் என்பது நீரஜாவுக்கு உறைத்தது. காது சூடானது. அம்மா அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. லாரன்ஸுக்கு ரசம் ஊற்றினார்.

"மாமி, ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்களேன்," என்றான் அவன், சண்டையை ஆற்றுகிற நினைப்பில். "அடையார் பக்கம் ரோடு காலியாதான் இருக்கும்."

நீரஜா ஒரு கணம் யோசித்தாள். ஓட்டட்டும். அந்தக் கனமும் அது நின்று நின்று படுத்துகிற பாடும் தெரிந்தால் அம்மாவே கை கழுவிவிடுவாள் என்று கணக்குப் போட்டாள். "சரி, வா," என்றாள்.

அம்மா உள்ளே போய்ச் சுடிதாருக்கு மாறி, கான்வாஸ் ஷூவும் முழங்கால் கவசமுமாக வந்து நின்றார். அந்த ஷூவை நீரஜா அதுவரை வீட்டில் பார்த்ததே இல்லை.

காந்தி நகரின் உள்தெரு ஒன்றில் மரநிழல் விழுந்து கிடந்தது. லாரன்ஸ் திருப்பத்தில் கேமராவோடு நின்றான். அம்மா வண்டியில் ஏறி, கண்ணாடிகளைச் சரிசெய்து, கிளட்சைப் பிடித்து விட்டுப் பார்த்து, மெதுவாகக் கிளம்பினார். தோள் இறுகியிருந்தது. இண்டிகேட்டரை அணைக்க மறந்தார். ஆனால் கியர் மாறுவது வெளியே தெரியவே இல்லை. போய்த் திரும்பி வந்தார். மறுபடியும் போய் வந்தார். நீரஜாவுக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எரிச்சல்தான் ஒரு பிடி கூடுதல்.

"நல்லா ஓட்றாங்கக்கா," என்றான் லாரன்ஸ்.

"நீ வேலையைப் பாரு."

மூன்றாவது சுற்றில் அம்மா வேகத்தடையில் ஏறி இறங்கி அப்படியே இடப்பக்கம் திரும்பினார். அந்த நேரம் பார்த்து என்ஜின் அணைந்தது. திருப்பத்தில் சாய்ந்திருந்த வண்டி நிமிர வழியில்லாமல் இன்னும் சாய்ந்தது. அம்மா ஊன்றிய கால் சருகில் வழுக்கியது. வண்டி, எருமை படுப்பதுபோல நிதானமாகத் தரையில் படுத்தது. அம்மா ஹேண்டில்பாரை விட்டுவிட்டு இரண்டடி தள்ளாடிப் போய் ஒரு காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நீரஜா எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. அம்மாவின் கையைத் தடவினாள், காலைத் தடவினாள். உள்ளங்கையில் லேசான சிராய்ப்பு மட்டும்தான்.

பக்கத்து வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கும்மா உங்களுக்கு?" என்றார்.

"வண்டியில கோளாறு சார்!" நீரஜா போட்ட கத்தலில் ஹோஸ் அவர் கையிலிருந்து நழுவியது. "வயசுலயா கோளாறு? வண்டியில கோளாறு!"

"கத்தாதே நீரஜா. மொதல்ல வண்டியைத் தூக்குங்கோ ரெண்டு பேரும்."

தூக்கி நிறுத்தினார்கள். கைப்பிடி ஓரத்திலும் லெக் கார்டிலும் கீறல். திரையில் இன்னும், 'ஸ்டாண்டை எடுக்கவும்' என்று எரிந்துகொண்டிருந்தது. அம்மா அதைப் படித்தார். குனிந்து ஸ்டாண்டைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் விடைத்தாளைத் திருத்தும்போது வரும் முகம் அவருக்கு வந்தது.

"மேலதான் இருக்கு. அப்போ நான் பண்ணின தப்பு இல்லையே? எனக்காகச் சொல்லாதே, நிஜத்தைச் சொல்லு."

"இல்லம்மா. காலம்பற எனக்கும் மூணு தரம் நின்னது."

அம்மா நிமிர்ந்தார். "காலம்பறயே தெரியுமா?"

நீரஜா கைப்பிடியில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டாள்.

"தெரிஞ்சுண்டேவா என்னை ஏத்தி விட்டே?"

"மெதுவாத்தானே போப்போறேன்னு..." தன் குரல் இத்தனை சன்னமாக வெளியே வரும் என்று நீரஜாவே எதிர்பார்க்கவில்லை. "நின்னு நின்னு போனா நீயே வேண்டாம்னுடுவேன்னு நெனச்சேன்."

"ஸ்டாண்டு சுவிட்ச் சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி. நான் அப்பவே நிறுத்தி வச்சிருப்பேன். நீ என் வயசைச் சொன்னே, முழங்காலைச் சொன்னே. வண்டியைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே. அதுதானே உன் வேலை?"

லாரன்ஸ் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நீரஜாவுக்கு அழுகை வரும்போல இருந்தது. ஏழு வருஷத்தில் யார் எழுதியதற்கும் வராத அழுகை.

"தப்புதாம்மா," என்றாள்.

"தப்புதான்," என்றார் அம்மா. ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. கையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, வீட்டுக்கு ஆட்டோவில் போவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் சித்தார்த்தன் ஆளோடு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கீறலில் விரலை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"பரவாயில்ல மேடம், லேடீஸ் ஓட்டினா இதெல்லாம் சகஜம். அந்த நின்னு போற விஷயத்தை நீங்க விட்டுடுங்க. இந்தக் கீறலை நாங்க விட்டுடறோம்."

நீரஜா வாயைத் திறப்பதற்குள் படிக்கட்டிலிருந்து குரல் வந்தது.

"கீழே போட்டது நான். உங்க வண்டி நின்னதால போட்டேன். ரெண்டையும் சேத்து எழுதிக்கோங்கோ."

"அம்மா யாரு?"

"இந்த வண்டியைப் புக் பண்ணியிருக்கிற கஸ்டமர்," என்றாள் நீரஜா. "அவங்க விழுந்தது கேமரால இருக்கு சார். வீடியோல வரும்."

சித்தார்த்தன் அதன் பிறகு சிரிக்கவில்லை.

மறுநாள் வீடியோ வந்தது. பிரேக்கையும் சீட்டையும் நீரஜா மனமாரப் பாராட்டினாள். அந்த சுவிட்ச் சரியாகும்வரை யாரும் வண்டியை எடுக்க வேண்டாம் என்றாள். கோளாறு தெரிந்தும் எச்சரிக்காமல் ஒருவரை ஓட்டவிட்டது தன் தவறு என்பதையும் சொன்னாள். முகத்தை மறைத்துவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டிருந்தாள். "எதுக்கு? நன்னாத்தானே ஓட்டினேன்," என்றுவிட்டார் அவர்.

வழக்கம்போலக் கேலிகள் வந்தன. கூடவே, தங்கள் வண்டியும் இப்படித்தான் நிற்கிறது என்று ஏகப்பட்ட பேர் எழுதினார்கள். சில வாரங்களில் கம்பெனி எல்லா வண்டிக்கும் அந்த சுவிட்சை மாற்றித் தருவதாக அறிவித்தது. நீரஜாவுக்கு வண்டி அனுப்புவதை மட்டும் நிறுத்திக்கொண்டது. அதற்கு அவள் அதிகம் வருத்தப்படவில்லை. அம்மா இரண்டு வாரம் அவளிடம் அளந்துதான் பேசினார் என்பதுதான் வருத்தம்.

புக்கிங்கை அம்மா ரத்து செய்யவில்லை. சுவிட்ச் மாறியதும் ஷோரூமுக்குப் போய், அந்தத் தெரு வேகத்தடையில் பன்னிரண்டு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அதற்கும் அவர் நீரஜாவைக் கூப்பிடவில்லை. தகவல்தான் சொன்னார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, "ஏறிக்கோ, பெசன்ட் நகர் போயிட்டு வரலாம்," என்றார். நீரஜா பின்னால் ஏறிக்கொண்டாள். சாந்தோம் தாண்டியும் அம்மா இரண்டாவது கியரிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். என்ஜின் ஓலமிட்டது. ஒரு சைக்கிள்காரர் அவர்களைத் தாண்டிப் போனார்.

"கியர் மாத்தும்மா."

"தெரியும்."

"இண்டிகேட்டர் இன்னும் எரியறது."

"பின்னாடி உக்காந்தவா பேசப்படாது," என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமல்.

நீரஜா பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அடையாறு பாலத்தில் ஏறும்போதுதான் மூன்றாவது கியர் விழுந்தது.