கட்டு உரசாத சந்து

ஈஸ்வரி நவீன்குமாரை நம்பினாள். அவள் மட்டும் நம்பியிருந்தால் தொலைகிறது, முப்பத்திரண்டு வீட்டையும் நம்ப வைத்தாள். அதுதான் இன்றைக்கும் அவளுக்கு ஆறவில்லை.

அவன் போளூர் இன்ஜினீயர். அவர்கள் மலையூரில் மண்வீடுகளை இடித்து அரசாங்கத் தொகுப்பு வீடு கட்டப் படம் போட வந்தவன். மூன்று மாதம் அவள் கையால் சாமைச்சோறு தின்றான். "இன்னாக்கா, கோடு கிழிக்காமலே எல்லா வூடும் ஒரே எட்டத்துல நிக்குது?" என்று கேட்டான்.

அவளும் வெள்ளந்தியாகச் சொன்னாள். புது வீட்டுக்கு முளைக்குச்சி அடிக்கும்போது, இரண்டு பெண்கள் தலையில் சாமைக்கட்டோடு எதிரெதிரே நடப்பார்கள். கட்டும் கட்டும் உரசாத இடத்தில்தான் குச்சி இறங்கும். எந்த வாசலும் எதிர்வாசலைப் பார்க்காமல் ஒரு முழம் தள்ளி நிற்கும். அவ்வளவுதான், ஊர் தானாக வளர்ந்துகொள்ளும். சொன்னதோடு விட்டாளா? பக்கத்து வீட்டு முத்தம்மாவைக் கூட்டிவந்து நடந்தும் காட்டினாள். அவன் டேப் பிடித்து அளந்து எழுதிக்கொண்டான்.

"இதே மாதிரிதான்க்கா கட்டுவேன். என் மேல நம்பிக்க இல்லியா?"

போதாதா? ஈஸ்வரி வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாள். இடிக்கத் தயங்கிய முத்தம்மாவிடம், "நான் இருக்கேன்க்கா" என்றாள்.

வந்ததோ, சுவரோடு சுவர் ஒட்டிய நாலு வரிசை. தலையில் கட்டோடு ஒற்றை ஆள் நுழைய முடியாது. "எடம் பத்தலக்கா, நான் இன்னா பண்றது?" என்றான். பாவம், அதையும் நம்பினாள்.

தை மாதம் ஈஸ்வரியும் முத்தம்மாவும் ஏரிப்பக்கம் கட்டுகிற ரிசார்ட்டுக்குக் கூலிக்குப் போனார்கள். கூரைக்குப் புல்லுக்கட்டு சுமக்கிற வேலை. இரண்டு குடில்களுக்கு நடுவே முத்தம்மா எதிரே வந்தாள். கட்டு உரசவில்லை. அடுத்த சந்திலும் உரசவில்லை. ஈஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வாசலும் எதிர்வாசலைப் பார்க்கவில்லை. அடப்பாவி!

நவீன்குமார் நிழலில் நின்று முதலாளிக்குப் படத்தை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். "வாங்கக்கா! நல்லாக்கீதா?" என்று சிரித்தான்.

"எடம் பத்தலன்னியே தம்பி" என்றாள் ஈஸ்வரி. அவன் படத்தைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

முத்தம்மா கட்டை இறக்கினாள். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஈஸ்வரியைத்தான் பார்த்தாள்.

"இதுக்குத்தான் என்னை நடக்க வெச்சியா? உனக்கு இன்னாடி குடுத்தான்?"

"ஐயோ, எனக்குத் தெரியாதுக்கா" என்றாள் ஈஸ்வரி.

முத்தம்மா நம்பவில்லை.