தசமித் தபால்

பல் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் சோமசேகரத்துக்கு அந்தப் பிழை புத்தியில் தட்டியது. ஐந்தாம் பக்கத்தில் கழித்தல் குறி வரவேண்டிய இடத்தில் கூட்டல் குறி. வாயை அரைகுறையாகக் கொப்பளித்துவிட்டுத் தபால் நிலையத்துக்கு ஓடினான்.

தங்கையின் கல்யாணத்துக்காக லண்டனிலிருந்து ஜொகூர் பாருவுக்கு வந்தவன். லண்டன் பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் ஆராய்ச்சி. கருவி ஒன்றும் கிடையாது, காகிதமும் பென்சிலும்தான். படிகத்துக்குள் எலெக்ட்ரான்மீது யாரும் அறியாத ஒரு விசை இருப்பதாகக் கணக்குப் போட்டிருந்தான். கட்டுரை பேராசிரியருக்குப் போய்ச் சேர்ந்தால் உதவித்தொகை நீளும், திரும்பவும் கப்பலேறலாம். முந்தாநாள்தான் தபாலில் போடச் சொல்லித் தகப்பனாரிடம் கொடுத்திருந்தான்.

"முந்தநாள் தபால் அண்டைக்கே பாலம் தாண்டியிட்டுது. இப்ப சிங்கப்பூரில கப்பல் ஏறியிருக்கும்," என்றார் கிளார்க்.

சோமசேகரம் வீட்டுக்குத் திரும்பி நடந்தான். ஒரே ஒரு குறி, கையில் கிடைத்தால் திருத்திவிடலாம். வழியெல்லாம் உறை திரும்பி வராதா என்று தெய்வங்களை நச்சரித்தான். தங்கையின் கல்யாணத்தன்றுகூட ஒழுங்காகக் கும்பிடாதவன்.

வீட்டு வாசலில் அவன் தகப்பனார் ஏரம்பமூர்த்தி, ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், விரித்த குடையோடு நின்றார். மறுகையில் அதே உறை.

"முந்தநாள் அட்டமி, நேற்று நவமி. நல்ல காரியம் தொடங்கேலுமோ? இண்டைக்குத்தான் தசமி. போட்டிட்டு வாறன்."

அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. உறையைப் பிரித்து, நின்றபடியே பென்சிலால் குறியைத் திருத்தினான். அடுத்த வரியைத் திருத்தினான். அதற்கடுத்த வரியில் சமன்பாட்டின் இரண்டு உறுப்புகளும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. மிச்சம் பூச்சியம். அப்படி ஒரு விசையே இல்லை.

திரும்பி வராதா என்று தவித்தவனுக்கு, இப்போது பேசாமல் அனுப்பிவிடலாமே என்று ஆசை வந்தது. திருத்தியதை அழித்துவிட்டால் போதும். யாராவது கண்டுபிடிப்பதற்குள் அவன் லண்டனில் இருப்பான். தன் மனம் போகிற போக்கைப் பார்த்து அவனுக்கே பயமாக இருந்தது.

ஏரம்பமூர்த்தி உறைக்குக் கை நீட்டினார். "தாவன் தம்பி, நல்ல நேரம் போகுது. நான் வைச்சிருந்தது நல்லதாப் போச்சு, என்ன?"

"ஓம் ஐயா, நல்லதாப் போச்சு." தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "கணக்குப் பிழை. இனி அனுப்ப ஒண்டுமில்லை."

ஏரம்பமூர்த்தி குடையை மெல்ல மடக்கினார்.

"அப்ப, கப்பல்?"

"அதுவும் இல்லை, ஐயா."