குதிரையோட பின்னங்காலு

மே லீவுல புளியந்தோப்பு கிரவுண்டுல பசங்களுக்கு நாடக விழா வெச்சாங்க. ஷாலு வூட்ல ராணி வேஷம்னு பீலா வுட்டுட்டா. நெசத்துல அவ குதிரையோட பின்னங்காலு, முன்னங்காலு வல்லரசு. அவ அப்பா பீம்ராவ் அத நம்பி, "ராணின்னா மருதாணி வோணும்மா"ன்னு கால் வெரலுக்கெல்லாம் அவரே வெச்சு வுட்டாரு. நாடகத்தன்னிக்கு அவங்க ஹவுசிங் போர்டு பிளாக்கையே கூட்டியாந்து முன்னாடி ஒக்காந்துகினாரு.

குதிர துணிக்குள்ள குனிஞ்சிகினு நின்ன ஷாலுக்கு வேர்த்து ஊத்திச்சு. "டேய், எங்கப்பா வந்துகீறாருடா."

"மூஞ்சிதான் தெரியாதே, இன்னாத்துக்கு பேஜாரு?"ன்னான் வல்லரசு.

ராணியா வந்தது மகிழினி. "இன்னா மாமு, உன் பொண்ணு எங்க?"ன்னு பக்கத்து வூட்டு எத்திராஜ் கத்துனாரு. ஷாலுக்கு அழுகையே வந்துடுச்சு.

பீம்ராவ் குதிரைய மேலேர்ந்து கீழ வரிக்கும் பாத்தாரு. பட்டுனு எந்திரிச்சாரு.

"அந்த பின்னங்காலுதாம்பா! மருதாணிய பாரு, நான் வெச்சது! ராணி கதைய வூட்ல பேசிக்கலாம் கண்ணு, இப்ப ஒத!"

குதிர எகிறி ஒதச்சிச்சு. முன்னாடி வல்லரசு குப்புற வுழுந்தான். பிளாக்கே விசிலடிச்சிச்சு.